பாராமோட்டார் எஞ்சினைத் தரையில் பாதுகாப்பாக ஸ்டார்ட் செய்வது: முழுமையான வழிகாட்டி

எஞ்சினை முதுகில் மாட்டிப் பறக்கும் பாராமோட்டாரில், ப்ராப்பில் (ப்ரொப்பெல்லரில்) கை வெட்டுப்படும் விபத்துகள் பெரும்பாலும் வானத்தில் நடப்பதில்லை. தரையில், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கும் சில நொடிகளில் நடக்கின்றன. மெதுவாக ஐடிலிங்கில் பற்றும் என்று நம்பி இழுத்த எஞ்சின், த்ராட்டில் திறந்த நிலையில் ஒரேயடியாக உறுமிக்கொண்டு பற்றிவிடும். இழுத்தவர் தடுமாறி, விழப் போகும் மோட்டாரைப் பிடிக்கக் கை நீட்டுவார்.

இதில் ஒரு இயற்பியல் வம்பு இருக்கிறது. பாராமோட்டார் ப்ராப் பின்னாலிருந்து தள்ளுவது. தரையில் நிற்க வைத்து ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் நிற்பது ஹார்னஸ் (முதுகில் மாட்டும் பட்டைகள்) பக்கம், அதாவது மோட்டார் பாய வரும் பக்கம். 185 சிசி எஞ்சினும் 130 செ.மீ. ப்ராப்பும் முழு வேகத்தில் 70 கிலோவுக்கு மேல் தள்ளும். நிமிடத்துக்கு 2,600 சுற்றில் அந்த ப்ராப்பின் முனை மணிக்கு 630 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. ப்ராப்பைச் சுற்றியுள்ள கேஜில் கட்டியிருக்கும் வலை, விங்கின் (பறக்கவைக்கும் துணியின்) கயிறுகள் உள்ளே போகாமல் இருக்கத்தான். கையைத் தடுக்கும் வலிமை அதற்குக் கிடையாது. கேஜ் வளையமே கொஞ்சம் அழுத்தினால் வளைந்து ப்ராப்பை நெருங்கிவிடும்.

அதனால் இங்கே சொல்லும் வரிசை முழுவதும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது: இந்த எஞ்சின் இந்த முறை ஃபுல் த்ராட்டிலில்தான் பற்றும். அப்படிப் பற்றினாலும் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது.

விட்டோராட்ஸி மோஸ்டர் 185 போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது: கயிறு இழுத்து ஸ்டார்ட், டயஃப்ரம் கார்புரேட்டர், எஞ்சின் வேகம் கூடியதும் தானாக ப்ராப்பைப் பிடிக்கும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். மற்ற வகைகளில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். எண்களில் உங்கள் எஞ்சினின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

ஹெல்மெட், கண்ணாடி, காதுக் கவசம், கணுக்கால் மூடிய ஷூ. கையுறை போட்டால் இறுக்கமானது. தொளதொள கையுறை, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சைத் தேடும்போது காலை வாரும்.

ப்ளக் ஸ்பேனர், ஒரு புது ப்ளக், மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச், கொஞ்சம் கேபிள் டை, ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று. இவற்றோடு ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே ஒன்று, பைக்குள் புதைத்து அல்ல, பாக்கெட்டில். தேவைப்பட்டால் ஒரே கையால், சில நொடிகளில் எடுக்க வேண்டியிருக்கும்.

உடம்பில் தொங்குவது எதுவும் கூடாது: துப்பட்டா, கழுத்தில் அடையாள அட்டை, கேமரா பட்டை, ஜாக்கெட் நாடா, விரித்த கூந்தல். வேடிக்கை பார்க்க வந்து உதவிக்கு நிற்பவருக்கும் இதே விதிதான். உதவியாளர்களைப் பலர் சோதிப்பதே இல்லை.

2. இடமும் ஆட்களும்

ஈரமில்லாத, சமமான புல்தரை நல்லது. மணலும் ஜல்லியும் வேண்டாம். ப்ராப் உறிஞ்சும் காற்றில் சிறு கல் எழும்பினால் ப்ராப்பின் விளிம்பு போகும், கல் பின்னால் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். காய்ந்த உயரமான புல்லில் சூடான சைலன்சர் படும்படி வைக்காதீர்கள்.

ஹார்னஸ் பக்கம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். புகையும் ப்ராப் காற்றும் பின்னால் போய்விடும். விங்கை மோட்டாருக்குப் பக்கத்தில் விரித்து வைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஸ்டார்ட் ஆனதும் துணி எழும்பிக் கயிறு ப்ராப்புக்குள் போகும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி, மூட்டையாகவே இருக்கட்டும்.

ஆட்கள் நிற்கும் இடம் முக்கியம். மோட்டாரின் பின்னால் யாரும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமான இடம் பக்கவாட்டில், ப்ராப் சுற்றும் வட்டத்துக்கு நேர்கோட்டில். பிளேடு உடைந்தால் துண்டுகள் பறப்பது அந்தத் தளத்தில்தான். பார்வையாளர்கள் உங்களுக்கு முன்னால், 30 மீட்டர் தள்ளி நிற்கட்டும். குழந்தைகளும் நாயும் இருந்தால் அவர்களைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நீங்கள் ஹெல்மெட்டும் காதுக் கவசமும் போட்டபின் உங்களுக்கு எதுவும் கேட்காது.

3. எரிபொருள்

பெட்ரோலில் டூ-டி ஆயில் கலவை பொதுவாக 2 முதல் 2.5 விழுக்காடு. 10 லிட்டருக்கு 2 விழுக்காடு என்றால் 200 மி.லி., 2.5 என்றால் 250 மி.லி. கண் அளவில் ஊற்றாதீர்கள். முழுச் செயற்கை ஆயில், மருந்து அளக்கும் குவளை, தனிக் கேன் மூன்றும் வேண்டும். கேனில் கலந்து நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்கிலேயே கலந்தால் ஆயில் அடியில் தங்கி, முதல் சில நிமிடம் ஒரு கலவை, பிறகு வேறு கலவை என்று போகும்.

இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், நாளடைவில் ரப்பர் டயஃப்ரத்தையும் பெட்ரோல் குழாயையும் கெடுக்கும். அதனால் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டாம். "நேத்து நல்லா ஓடுச்சு, இன்னிக்கு பத்தவே மாட்டேங்குது" என்ற புலம்பலில் பாதி பழைய பெட்ரோல்.

எஞ்சின் ஆறியபின் ஊற்றுங்கள். ஊற்றிய இடத்திலிருந்து மோட்டாரை நகர்த்திவிட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. டேங்க் மூடியில் காற்றுத் துளைக்கு அடைப்பு இருந்தால் திறந்துவிடுங்கள். மறந்தால் எஞ்சின் பற்றி, சில நிமிடங்களில் மூச்சுத் திணறி நிற்கும்.

4. ப்ளக் கேப்பைக் கழற்றிவிட்டுச் சோதனை

முதலில் ப்ளக் கேப்பைக் கழற்றுங்கள். அதன்பிறகுதான் ப்ராப்பைத் தொட வேண்டும். இந்த எஞ்சின்களின் இக்னிஷன் மேக்னட்டோவில் ஓடுவது. பேட்டரி, சாவி எதுவும் வேண்டியதில்லை. கிளட்ச் இருந்தால் ப்ராப்பைக் கையால் சுற்றும்போது எஞ்சின் சுற்றாது. கிளட்ச் இல்லாத எஞ்சினில் சுற்றும், சூடாக இருந்தால் பற்றவும் செய்யும். இரண்டு வகை மோட்டாரையும் தொட்டுப் பழகும் கைக்கு ஒரே பழக்கம் போதும்.

ப்ராப்பின் முன் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், வெடிப்பு நகத்தில் தட்டும். ப்ராப் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் டார்க்கில், எதிரெதிராக முறுக்குங்கள். மர ப்ராப் ஈரப்பதத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிவதால் போல்ட் தளரும்; மழைக்காலம் முடிந்து முதல் முறை எடுக்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டும். ப்ராப்பைச் சுற்றிவிட்டு, முனைக்கும் கேஜுக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் நெருங்கினால் கேஜ் வளைந்திருக்கிறது, அல்லது எஞ்சின் தாங்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது.

பிறகு சைலன்சர் ஸ்பிரிங்குகள், பெல்ட், பெட்ரோல் குழாய், டேங்க் பட்டை. தளர்ந்த எந்தப் பொருளும் போகும் திசை ஒன்றுதான்: பின்னால், ப்ராப்புக்குள்.

ஹார்னஸையும் இப்போதே பாருங்கள். இடுப்புப் பட்டை, கால் பட்டை, ஸ்பீட்பார் (காலால் தள்ளி வேகம் கூட்டும் கம்பி) கயிறு எதுவும் கேஜ் பக்கம் தொங்கக் கூடாது. ரிசர்வ் பாராசூட்டின் பின்கள் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது கைப்பிடி எங்காவது மாட்டி ரிசர்வ் திறந்தால், துணி நேராக ப்ராப்புக்குத்தான் போகும்.

ஸ்டார்ட்டர் கைப்பிடி முழுவதும் உள்ளிழுத்துக்கொள்கிறதா? ஸ்பிரிங் களைத்துப்போனால் கைப்பிடி ஒரு சாண் தொங்கும். எஞ்சின் பற்றியதும் அதையும் ப்ராப் இழுத்துக்கொள்ளும்.

5. த்ராட்டிலும் கில் சுவிட்சும்

நேரமில்லை என்றால் வேறு எதையாவது குறையுங்கள்; இந்தப் படியை மட்டும் விடாதீர்கள். பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு ஏற்றும் முன் இது முடிந்திருக்க வேண்டும். வரிசையை மாற்றி, முதலில் ப்ரைம் செய்துவிட்டு "த்ராட்டில் சரியா இருக்கா பாரு" என்பது மேலோட்டமான பார்வையாகத்தான் முடியும்.

த்ராட்டில் லீவரைப் பிடித்து முழுக்க அழுத்தி, சட்டென்று விடுங்கள். கார்புரேட்டரில் பட்டர்ஃபிளை லீவர், ஐடிலிங் ஸ்க்ரூவின் முனையில் போய் "டக்" என்று மோத வேண்டும். காதால் கேட்டால் போதாது, குனிந்து கண்ணால் பாருங்கள். லீவருக்கும் ஸ்க்ரூ முனைக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் த்ராட்டில் திறந்திருக்கிறது என்றே பொருள். மூன்று முறை செய்யுங்கள். பிறகு கேபிளை முதுகில் மாட்டும்போது கிடக்கும் வளைவில் வைத்து ஒரு முறை, கையைத் தலைக்கு மேல் தூக்கும் நிலையில் ஒரு முறை.

இங்கே அதிகம் ஏமாற்றுவது கேபிளின் வெளியுறை. கார்புரேட்டர் பக்கத்து அட்ஜஸ்டரில் ஒரு சின்னக் குழி இருக்கும். உறையின் உலோக முனை அதற்குள் உட்கார வேண்டும். மோட்டாரைக் காரில் ஏற்றி இறக்கும்போது கேபிள் இழுபட்டால், முனை குழியிலிருந்து வெளியே வந்து அதன் உதட்டின் மேல் ஏறி நிற்கும். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் உள்கம்பி அதே அளவு இழுபட்டு த்ராட்டில் கால்வாசியோ பாதியோ திறந்து கிடக்கும். கையில் லீவர் சாதாரணமாகத்தான் ஆடும். அதனால்தான் கையிலிருந்து அல்ல, கார்புரேட்டரிலிருந்து பார்க்கச் சொல்கிறோம். லீவரில் 1 முதல் 2 மி.மீ. வெற்று ஆட்டம் இருந்தால் கேபிள் சரியாக இருக்கிறது.

க்ரூஸ் லாக் (த்ராட்டிலை ஒரே நிலையில் பூட்டிவைப்பது) இருந்தால் விடுபட்ட நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன முறை பறந்து இறங்கியபோது பூட்டிய லாக் அப்படியே இருப்பது சகஜம்.

அடுத்து கில் சுவிட்ச். பெரும்பாலான பாராமோட்டார்களில் கில் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. இக்னிஷனை எஞ்சின் உடலோடு இணைத்து அணைக்கிறது. ஒயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ எஞ்சின் நிற்காது. வீட்டு ஸ்விட்ச்போல, ஒயர் போனால் தானாக அணையும் என்று எண்ணினால் ஆபத்து.

சோதிக்கும் முறை: த்ராட்டில் கைப்பிடியிலிருந்து வரும் ஒயரை எஞ்சின் பக்கக் கனெக்டரில் கழற்றுங்கள். கழற்றாமல் அளந்தால் இக்னிஷன் காயில் வழியாக மீட்டர் எப்போதும் தொடர்பு இருப்பதுபோலவே காட்டும். கழற்றியபின் இரண்டு ஒயருக்கும் இடையே, பொத்தானை அழுத்தினால் சுழியத்துக்கு அருகில், விட்டால் தொடர்பே இல்லாமல் காட்ட வேண்டும். கேபிளை அங்கங்கே வளைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். பிறகு எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஒரு முறை. கனெக்டரைத் திரும்ப மாட்டி லேசாக இழுத்துப் பார்க்க மறக்க வேண்டாம்.

மீட்டர் சோதனை மாதத்துக்கு ஒரு முறையும், மோட்டாரைப் பிரித்து ஏற்றிச் சென்ற ஒவ்வொரு முறையும் போதும். அன்றாடம் செய்ய வேண்டியது வேறு, அதை 9-ஆம் படியில் சொல்கிறோம். ஃபிரேமில் இரண்டாவது கில் சுவிட்ச் பொருத்திக்கொள்வது மலிவான காப்பீடு. மோட்டார் வாங்கியதும் முதலில் மாட்ட வேண்டிய உதிரிப் பொருள் அதுதான். உயரமானியும் கேமரா கம்பியும் பிறகு வரட்டும்.

6. பெட்ரோலை ஏற்றுவது

ப்ளக் கேப் இன்னும் கழன்றே இருக்கட்டும். குழாயில் பல்ப் இருந்தால் அதை அழுத்தி, பெட்ரோல் ஃபில்டரைத் தாண்டி கார்புரேட்டர் வரை வருவதைப் பாருங்கள். குழாயில் கடுகளவு குமிழி தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. அந்த எஞ்சின் மேலே போனபின் பெட்ரோல் குறைந்து சூடாகும்.

வால்ப்ரோ வகை டயஃப்ரம் கார்புரேட்டரில் மூடியின் நடுத்துளை வழியாக டயஃப்ரத்தை மெல்ல அழுத்தினால் உள்வால்வு திறந்து பெட்ரோல் நிறையும். சில மோட்டார்களில் அதற்கென்றே பொத்தான் வைத்திருப்பார்கள். கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் டயஃப்ரம் கிழியும். குளிர்ந்த எஞ்சினுக்கு ஒன்றிரண்டு நொடி போதும். ஏர்பாக்ஸிலிருந்து பெட்ரோல் சொட்டினால் அளவு மிஞ்சிவிட்டது, துடைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள்.

சூடான எஞ்சினுக்கு ப்ரைம் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்பவர்கள், பழக்கத்தில் பல்பை அழுத்தி எஞ்சினை நனைத்துவிடுகிறார்கள்.

7. நிற்கும் விதம்

பெட்ரோல் ஏறியதும் ப்ளக் கேப்பை மாட்டுங்கள். இனிமேல் மோட்டார் உயிருள்ளது.

த்ராட்டில் கைப்பிடி ஸ்டார்ட் செய்பவரின் கையில்தான் இருக்க வேண்டும். ஒருவர் கயிறு இழுக்க, இன்னொருவர் த்ராட்டில் பிடிப்பது வழக்கமாகப் பார்க்கும் காட்சி, வழக்கமாக விபத்தில் முடியும் காட்சியும்கூட. இழுப்பவருக்குப் பதற்றம் வந்தால் பிடித்திருப்பவருக்கும் வரும், அவர் விரல்கள் மூடும், த்ராட்டில் திறக்கும். கைப்பிடியைக் கேஜில் தொங்கவிடுவதும் புல்லில் போடுவதும் அதே ரகம்.

கட்டைவிரல் கில் பொத்தான் மேல். மற்ற விரல்கள் லீவரில் இல்லாமல் அதற்கு வெளியே. லீவரைப் பிடித்தபடி முழங்கையால் மோட்டாரைத் தாங்கினால், மோட்டார் தள்ளும்போது விரல்கள் தாமாக இறுகி இன்னும் த்ராட்டில் கொடுக்கும்.

ஹார்னஸ் பக்கம் நின்று, ஒரு காலை முன்னால் வைத்து, அந்தப் பாதத்தால் ஃபிரேமின் அடிக்கம்பியை அழுத்துங்கள். த்ராட்டில் பிடித்த கையின் உள்ளங்கை அடிப்பகுதியை ஃபிரேமின் உறுதியான நடுக்கம்பியில் பதியுங்கள். கேஜ் வளையத்தில் அல்ல, வலையில் நிச்சயமாக அல்ல. முழங்கை நேராக, தோள் அதற்கு நேர் பின்னால். மோட்டார் பாய்ந்தால் தாங்குவது தசையாக இருக்கக் கூடாது, எலும்பாக இருக்க வேண்டும். மடங்கிய முழங்கை முதல் தள்ளிலேயே மடிந்து, முகத்தை ப்ராப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

70 கிலோ தள்ளுவிசையை எந்த நிலையிலும் கையால் அதிக நேரம் தாங்க முடியாது. நிற்கும் விதம் உங்களுக்கு ஒரு நொடி சம்பாதித்துக் கொடுக்கிறது; அந்த ஒரு நொடியில் கட்டைவிரல் வேலையை முடிக்க வேண்டும். பழுது பார்த்தபின் முதல் ஸ்டார்ட் என்றால் கையை நம்பவே வேண்டாம். தரையில் ஊன்றிய தூணோடு ஹார்னஸ் பக்கம் ஒட்டும்படி வைத்து ஃபிரேமைப் பட்டையால் கட்டிவிடுங்கள். தள்ளுவிசை மோட்டாரைத் தூணின் மேலேயே அழுத்தும்.

முதுகில் மாட்டிக்கொண்டே ஸ்டார்ட் செய்வது இதைவிடப் பாதுகாப்பு: மோட்டார் உங்களை நோக்கிப் பாய முடியாது, உங்கள் கை ப்ராப்பை எட்டுவதும் கடினம். ஆனால் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது, குளிர்ந்த எஞ்சினைக் கவனிக்கவும் முடியாது. முதல் ஸ்டார்ட்டைத் தரையில் முடித்து, நிறுத்தி, மாட்டியபின் இரண்டாவதை முதுகில் செய்வதே எங்கள் சிபாரிசு. முதுகில் ஸ்டார்ட் செய்யும்போது சுற்றிப் பார்த்துச் சொல்ல முன்னால் ஒரு ஆள் நிற்கட்டும்.

8. கயிற்றை இழுப்பது

சுற்றும் முற்றும் பார்த்து "க்ளியர் ப்ராப்!" என்று கத்துங்கள். கத்திய உடனே இழுக்காமல் மூன்று நொடி பொறுங்கள். அந்தச் சொல் மற்றவர் விலகத்தான்; விலகுவதற்கு நேரம் வேண்டாமா?

கயிற்றை மெதுவாக இழுத்து, அழுத்தம் தட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கயிற்றை உள்ளே போகவிட்டு, அங்கிருந்து ஒரே சீரான நீண்ட இழுப்பு. ஸ்பிரிங் வைத்த மென்மை ஸ்டார்ட்டர் என்றால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. ஸ்பிரிங்தான் எஞ்சினைச் சுற்றும், உங்கள் வேகம் அல்ல. கயிறு வரும் துளைக்கு நேராக இழுங்கள், சாய்த்து இழுத்தால் விளிம்பில் தேய்ந்து பிரியும். முழு நீளமும் போய் முட்டும்வரை இழுக்க வேண்டாம்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். எஞ்சின் பின்னடித்தால் விரல் முறியும். பின்னால் போகும் முழங்கை கேஜைத் தொடுகிறதா என்று எஞ்சின் அணைந்த நிலையில் ஒரு முறை ஒத்திகை பாருங்கள்.

த்ராட்டில் மூடியே இருக்க வேண்டும். "கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்து இழு, பத்திக்கும்" என்பது பைக் காலத்து அறிவுரை. அங்கே கியர் நியூட்ரலில் இருந்தது. இங்கே கிளட்ச் ஏறத்தாழ 3,000-க்கு மேல் போனதும் தானாகப் பிடித்துவிடும். கிளட்ச் இருப்பதால் ப்ராப் சுற்றாது என்ற நம்பிக்கை த்ராட்டில் மூடியிருக்கும்வரைதான். கிளட்ச் இல்லாத எஞ்சினில் அதுவும் இல்லை. பற்றிய கணமே ப்ராப் சுற்றும்.

பேட்டரி ஸ்டார்ட் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மாட்டி நிற்கும்வரை பேட்டரி கனெக்டர் கழன்றே இருக்கட்டும். ஸ்டார்ட் பொத்தானும் கில் பொத்தானும் ஒரே கைப்பிடியில் இருக்கும். பெட்டியிலிருந்து இறக்கும்போது எதையோ அழுத்தி எஞ்சின் சுற்றிய கதைகள் நிறைய உண்டு.

9. பற்றிய பின்

முதல் முறை பற்றியதும் சூடாக்க வேண்டாம். இரண்டு மூன்று நொடி ஐடிலிங்கில் ஓடவிட்டு, கில் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள். அன்றைய முதல் ஸ்டார்ட் கில் சுவிட்சுக்கான சோதனை, அவ்வளவுதான். எஞ்சின் குறைந்த வேகத்தில், உங்கள் கையும் காலும் சரியாக ஊன்றியிருக்கும்போது அது வேலை செய்யவில்லை என்று தெரிவது நல்லது. பொத்தானை ஒரு தட்டுத் தட்டி விடாமல், முழுக்க நிற்கும்வரை அழுத்தியே பிடியுங்கள். சீக்கிரம் விட்டால் சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சின் மறுபடி பற்றிக்கொள்ளும்.

மறுபடி ஸ்டார்ட் செய்து 2–3 நிமிடம் குறைந்த வேகத்தில் சூடாக்குங்கள். குளிர்ந்த டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாகச் சூடேறி விரியும், உடனே முழு வேகம் கொடுத்தால் இறுகிப் பிடித்துவிடும். ஐடிலிங் பல எஞ்சின்களில் 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்; அப்போது ப்ராப் நிற்க வேண்டும், அல்லது சோம்பலாக நகரலாம். விடாமல் சுற்றினால் ஐடிலிங் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

ஐடிலிங்கைச் சரிசெய்ய எஞ்சினை நிறுத்துங்கள். ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஓடும்போதே ஸ்க்ரூடிரைவரோடு கேஜுக்குள் கை விடுவது, ஸ்டார்ட்டுக்கு அடுத்தபடியாக விரல்கள் போகும் வழி. அலுப்பான முறைதான், ஆனால் வேறு முறை இல்லை.

முழு வேகச் சோதனை தரையில் கிடையாது. முதுகில் மாட்டி, பட்டைகள் பூட்டி, காற்றைப் பார்த்து, கால் அகட்டி நின்றுதான். எஞ்சின் ஓடும்போது மாட்டிக்கொள்வதும் கழற்றுவதும் கூடவே கூடாது.

10. பற்றாவிட்டால்

ஏழெட்டு இழுப்பில் பற்றாவிட்டால் நிறுத்துங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, எரிச்சலோடு, கொஞ்சம் கொஞ்சமாக த்ராட்டிலைத் திறந்து இழுக்கத் தொடங்கும் கட்டம் இதுதான். விபத்து பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் காத்திருக்கிறது.

ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: காற்றுத் துளை, ஃபில்டர், குழாய்க் கசிவு, இறுகிய டயஃப்ரம். நனைந்திருந்தால் அதிகம் குடித்துவிட்டது, அல்லது ஸ்பார்க் இல்லை.

நனைந்த எஞ்சினைக் காயவைக்க: ப்ளக்கை வெளியே எடுத்து, கேப்பில் மாட்டி, ப்ளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உடலில் தொடும்படி வையுங்கள். கில் பொத்தானை அழுத்தியபடி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஆறேழு முறை இழுங்கள். ப்ளக் எதையும் தொடாமல் தொங்கினால் காயில் கெட்டுப்போகலாம். துளையிலிருந்து பீச்சும் பெட்ரோல் புகையில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். முகத்தைத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். பிறகு புது ப்ளக்கை மாட்டி, 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். சற்று முன் முழுக்கத் திறந்த த்ராட்டில் மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் அடுத்த இழுப்பு கிடையாது.

11. எஞ்சின் கைமீறிப் போனால்

கட்டைவிரல் கில் பொத்தானில், கை நேராக, ஃபிரேமை விடாமல் தள்ளிப் பிடித்தபடியே இருங்கள். நிற்கவில்லை என்றால் ஃபிரேமில் உள்ள இரண்டாவது சுவிட்ச். அதுவும் இல்லை என்றால் ஹார்னஸ் பக்கம் எட்டும் பெட்ரோல் குழாயை மடித்து அழுத்தலாம். கார்புரேட்டரில் மிச்சமுள்ளதைக் குடிக்கும்வரை எஞ்சின் ஓடும், அதுவரை தாங்க வேண்டும். கேஜைச் சுற்றி ப்ராப் பக்கம் கை போகும் எதையும் முயல வேண்டாம். மோட்டார் சாய்ந்தால் சாயட்டும், ப்ராப் தரையில் பட்டு உடையட்டும். விழும் மோட்டாரைப் பிடிக்கப் பாய்வதுதான் கையை இழக்கும் வழி.

வெட்டுப்பட்டால் முதலில் எஞ்சின் நின்றுவிட்டதை உறுதி செய்யுங்கள். காயத்தை அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் பீறிட்டால் காயத்துக்கு 5–7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் இல்லாமல் டூர்னிகேயை ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனைவரை தளர்த்த வேண்டாம். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

12. நிறுத்தி வைப்பது

கடைசியாக நிறுத்துவதும் கில் பொத்தானால்தான். ப்ராப் முழுக்க நின்றபின் ப்ளக் கேப்பைக் கழற்றி, பார்வையில் படும்படி தொங்கவிடுங்கள். அடுத்தவர் மோட்டாரைத் தொடும்போது அவருக்குத் தெரிய வேண்டும். சில நாள் எடுக்கப் போவதில்லை என்றால், கேப்பைக் கழற்றும் முன்பே டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஐடிலிங்கில் ஓடவிட்டு, டேங்க் மூடியின் காற்றுத் துளையை அடைத்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.